சென்னைக்கு முழுப்பேர்

ஏப்ரல் மாதம் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறவர்களைக் கண்டால் எங்கள் ட்ரிப் மாஸ்டருக்கு ஆகாது. காலையில் வேனை விட்டு இறங்குவார்கள். சிவப்புச் செங்கல் தபால் கந்தோருக்கு முன்னால் ஒரு படம், கிரகரி வாவியில் ஒரு படகுச் சவாரி, ஹக்கலைப் பூங்காவில் பாதிச் சுற்று, சீத்தா எலியவில் சீதையம்மனுக்கு ஒரு கும்பிடு. பொழுது சாய்வதற்குள் ரம்பொடை வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

“இது பாக்குறதா, ஓடுறதா?” என்பார். “கெரகரி தொர 1873ல கட்டுன வாவி. அதச் சுத்தி நடக்கவே ஒரு காலப்பொழுது வேணும். ஒரு ஊர ஒரே நாளையில பாக்குறவன் மனுசனா?”

இதைச் சொல்லும்போது அவர் கக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். அதன் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருக்கும்: ‘சென்னை – ஒரே நாள் – முழு விவரம்.’

மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கோயில் தலைவர் வேறு, சங்கத் தலைவர் வேறு. இவர் யாரும் தேர்ந்தெடுக்காமலே பதவிக்கு வந்தவர். ஆரம்பம் சின்னதாகத்தான் இருந்திருக்கும். யாரோ கதிர்காமம் போக வேன் தேடினார்கள், இவருக்கு ஒரு டிரைவரைத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் திருக்கோணேஸ்வரம், அதற்கடுத்து நல்லூர்த் தேர். அதற்குள் ட்ரிப் என்ற சொல் பேரோடு ஒட்டிக்கொண்டது. எங்களவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஒரு வாத்தியார் இந்தப் பதவிக்கு வந்திருந்தால் போகிற இடத்தின் வரலாற்றைச் சொல்லி அறுத்திருப்பார். கணக்கப்பிள்ளை வந்தால் ட்ரிப்பும் பெரட்டுக்களத்தில்தான் தொடங்கும்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது பெரட்டு. எந்த மலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணிக்கு நிறுவை என்பதெல்லாம் கணக்கப்பிள்ளை கையில். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையில் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் அது கைக்காசு. வாழ்நாளெல்லாம் ஆளுக்குப் பேர் போட்டுப் பழகியவர், ஓய்வுபெற்ற பிறகு ஊர்களுக்குப் பேர் போட ஆரம்பித்தார். இறங்கிப் பார்த்த இடத்துக்கு முழுப்பேர். வேனுக்குள் இருந்தபடி பார்த்தால் அரைப்பேர். “அந்தா, அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலதான் இருக்கு” என்று கை காட்டிவிட்டுப் போனாலும் அரைப்பேர்தான், அதில் அவர் தாராளம்.

இந்தக் கணக்கில் கொழும்பை எப்போதோ முடித்துவிட்டார். நடுச்சாமத்தில் ஹட்டனில் புறப்பட்டு, தெஹிவளை மிருகக்காட்சிசாலை திறக்கும் முன்னே கேட்டில் நிற்பது அவர் முறை. தாமரைக் கோபுரத்தை 2022இல் திறந்ததும் அதுவும் பட்டியலில் சேர்ந்தது. 350 மீட்டர் கோபுரம். டிக்கெட் விலையைக் கேட்டுக்கொண்டு வந்தவர் எங்களைத் தெருவிலேயே வரிசையாக நிறுத்தினார். “மேல ஏறுனா கோபுரம் தெரியுமா? தெரியாது. இங்கருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும். நல்லாப் பாத்துக்குங்க.” முழுப்பேர். பிறகு காலிமுகத்திடலில் இறால் வடை. விடிய மூன்று மணிக்கு லயத்து வாசல், அன்றைக்கே பெரட்டு. பள்ளத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நின்றபடி தூங்கினார்கள் என்று கங்காணி முறையிட்டாராம்.

இந்தியா அப்படிப்பட்ட விஷயமில்லை. 1911 குடிசனக் கணக்கெடுப்பிலிருந்து எங்களை இந்தியத் தமிழர் என்று தனியாகப் பதிந்து வருகிறார்கள். ஆனால் எங்கள் பாட்டன் பூட்டன்களில் இந்தியாவின் ஒரு பட்டணத்தையாவது சுற்றிப் பார்த்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, தலைமன்னாரில் இறங்கியவர்கள். மெட்ராஸ் அந்த வழியிலேயே கிடையாது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அப்படிப் போனவர்களிலும் பலர் கோத்தகிரி, கூடலூர் என்று மறுபடி தேயிலைக்குள்ளேயே போய் விழுந்தார்கள். ஆக, சென்னை எங்களுக்குச் சினிமாவில் பார்த்த ஊர். கிராமத்துக் கதாநாயகன் பெட்டியோடு சென்ட்ரலில் இறங்குவான், எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பான், மெரினாவில் மணலில் உட்கார்ந்து அழுவான். மாஸ்டரின் பட்டியலும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருந்தது.

இந்திய யாத்திரை என்று எவர் போனாலும் சமயபுரம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி, மதுரை, பழனி எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு நாள் மிஞ்சும். திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் விடியற்காலம் எழும்பூர். அன்று ராத்திரி மீனம்பாக்கத்தில் விமானம். இடையில் உள்ள அந்தப் பகல்தான் சென்னை. சாமிக்கு ஒதுக்கிய நாட்களில் அவருக்கு அவ்வளவு அக்கறையில்லை. கோயில் எங்கே போய்விடப் போகிறது? இந்த ஒரு பகலுக்குத்தான் அத்தனை கூட்டமும் போட்டார்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கும். வெளியே தென்மேற்குப் பருவ மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே பள்ளிக்கூட அட்லஸின் ஒரு பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துச் சென்னையை அளந்துகொண்டிருப்பார். “இந்தா பாருங்க, எழும்பூர்லருந்து மெரினா ஒரு விரக்கட கூட இல்ல.” வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து மகாபலிபுரம் எத்தனை நேரம் என்று என் தம்பி போனில் பார்த்துச் சொன்னான். அவர் ஏற்கவில்லை. “அது அங்க உள்ளவனுக்குக் காட்டுற நேரம். அவனுக்கென்ன அவசரம்? நாம ட்ரிப்புல போறவங்க.” அவருடைய கணக்குக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற நேரத்தை வளைவுகள்தான் தின்கின்றன. சென்னையில் மலையே இல்லை. மலை இல்லையென்றால் வளைவு இல்லை. வளைவு இல்லாத ரோட்டில் வேன் எதற்காக மெதுவாகப் போக வேண்டும்?

நேரத்தில் அவர் விட்டுவைத்தது எதுவுமில்லை. 2006இல் இலங்கை பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பியதைக்கூடத் தன் கணக்கில் வரவு வைத்தார். “வாட்சத் திருப்ப வேண்டியதில்ல. அதுல ஒரு நிமிசம் மிச்சம்.”

நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தொடங்கினால் மூச்சு வாங்கும். ஐந்து பத்துக்கு எழும்பூர். ஐந்தேகாலுக்குக் கென்னத் லேனில் லொட்ஜ், ஆளுக்கு மூன்று நிமிடக் குளிப்பு. ஆறுக்கு மெரினாவில் சூரியோதயம். ஆறு இருபதுக்கு அண்ணா, எம்.ஜி.ஆர். சமாதி. ஏழுக்கு இட்லி. ஏழரைக்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர், எட்டுக்குச் சாந்தோம் மாதாகோயில், எட்டேகாலுக்கு விவேகானந்தர் இல்லம். அங்கே என் அப்பாயி குறுக்கே புகுந்தாள்.

“அது என்னா இல்லம்?”

“ஐஸ் ஹவுஸ்னு சொல்லுவாங்க, ஆச்சி. 1842ல கட்டுனது. அமெரிக்காவுலருந்து கப்பல்ல ஐஸ் கொண்டாந்து வச்சிருந்த கட்டடம்.”

“ஐஸப் பாக்கவா அம்புட்டுத் தூரம்? தை மாசம் விடிய எந்திரிச்சு வெளிய வந்தா புல்லு மேல கெடக்குது.”

விவேகானந்தர் அரைப்பேராகச் சுருங்கினார்.

பதினொன்றுக்கு வண்டலூர், ஒன்றுக்கு மகாபலிபுரம், நாலுக்கு வடபழனி முருகன், போகிற வழியில் ஏ.வி.எம். ஸ்டூடியோ வாசல் பந்து. அதற்குமேல் எம்.ஜி.ஆர். குடியிருந்த ராமாவரம் தோட்டம் என்று வாசித்ததும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

“எம்சியாரு தோட்டத்துலயா இருந்தாரு?” என்றாள் அப்பாயி. “எத்தன ஏக்கரு? கொழுந்தா, ரப்பரா?”

ஏற்கெனவே அவர் எங்கள் ஆள். 1917இல் பிறந்தது நாவலப்பிட்டியில், எங்கள் ரயில் கொழும்புக்கு இறங்கும்போது நிற்கிற ஸ்டேஷன். இப்போது தோட்டத்திலும் இருந்திருக்கிறார் என்றால் கேட்க வேண்டுமா? ராமாவரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுக்கும்படி சங்கத் தலைவர் முன்மொழிந்தார். அந்த ஐந்து நிமிடத்தை மகாபலிபுரத்திலிருந்து எடுத்தார்கள். பல்லவர் பக்கம் பேச ஆளில்லை.

கடைசியில், ஆறரையிலிருந்து ஏழே கால் வரை, சின்ன எழுத்தில்: ‘தி.நகர் – பெண்கள்.’ நாற்பத்தைந்து நிமிடம். அதைப் பற்றி எந்தப் பெண்ணும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது சம்மதமாகப் பட்டது. செக்ரோல் எழுதிய காலத்தில் பெண்கள் பேசாமல் இருந்தால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு மறந்துவிட்டார் போலும்.

நாள் பார்த்ததில் வெள்ளிக்கிழமை அமைந்தது. கோயிலுக்கு நல்ல நாள், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள். 1851இல் தொடங்கிய காட்சிசாலை, சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் என்று கொப்பியில் குறித்து வைத்திருந்தார். பூட்டிய கேட்டைப் பார்த்து அவர் கலங்கவில்லை. சென்னையில் எந்தக் கிழமை போனாலும் ஏதோ ஒன்றின் கேட்டைத்தான் பார்க்கலாம் என்பதை இவரைப் போன்ற மாஸ்டர்களின் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் புரியும். திங்கட்கிழமை போனவர் மெரினா கலங்கரை விளக்கத்தைக் கீழிருந்து பார்ப்பார். செவ்வாய் என்றால் வண்டலூரில் புலிக்கு ஓய்வு. “கேட்டே இம்புட்டு அழகுன்னா உள்ளுக்கு எப்பிடி இருக்கும்!” என்று மாஸ்டர் அரைப்பேர் போட்டார்.

ஆனால் அன்றைய நாள் சரிந்தது அருங்காட்சியகத்தால் இல்லை, எழும்பூர் பிளாட்பாரத்தில். 1970களில் தாயகம் திரும்பிய பெரியப்பா குடும்பம் அம்பத்தூரில் இருக்கிறது. எங்களைப் பார்க்க நாலரை மணிக்கே வந்து நின்றார்கள், நாலடுக்குத் தூக்கில் டிபனோடு. நிகழ்ச்சி நிரலில் சொந்தக்காரர்களுக்கு இடமில்லை. அப்பாயியும் அவள் தம்பி மகளும் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தபோது மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். அழுகைக்குப் பத்து நிமிடம் விட்டார். இப்படியொரு அழுகைக்குப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்தவர் அந்தப் பிளாட்பாரத்தில் அவர் ஒருவர்தான். பிறகு பார்சல் பிரித்தார்கள். நாங்கள் கொண்டுபோன தேயிலைத்தூள், கோடாலித் தைலம், ராணி சவர்க்காரம், கிராம்பு எல்லாம் கைமாறின. சூரியன் மெரினாவில் எங்களைக் கேட்காமலே உதித்தது.

எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்தால் அவருடைய கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து காது வைத்தார்கள். சிலருக்குக் கேட்டது. கேட்காதவர்கள் மற்றக் காதையும் வைத்துப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் மாஸ்டரே குனிந்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, தன் கையில் இருந்த வாட்சைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டில் எது பிந்துகிறது என்று அவர் சொல்லவில்லை.

மயிலாப்பூரை அடைந்தபோது நடை சாத்திவிட்டார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். கோயிலுக்கும் பகல் சாப்பாட்டு நேரம் உண்டு என்பது கொப்பியில் இல்லை. குளக்கரையில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டோம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று கோயில் தலைவர் சொன்னதும் அவருக்குத் தெம்பு வந்து, முழுப்பேரே போட்டுவிட்டார். எனக்கு இந்த மனிதரிடம் பிடித்தது இதுதான். மற்றவர்கள் பார்க்க முடியாததை நினைத்து வருந்துவார்கள், ஊரைத் திட்டுவார்கள். இவர் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

வெயிலைச் சொல்ல வேண்டும். மலைக்குளிரில் ஸ்வெட்டரோடு பிறந்து ஸ்வெட்டரோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணா சாலையில் வேன் நின்றால் நின்றதுதான். வளைவு ஒன்றுகூட இல்லை, அவர் சொன்னது சரி. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, நடுவில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த ரோடு. டிரைவர் தம்பி சென்னைக்காரர். வண்டலூர் போய் மகாபலிபுரம் போய் நாலு மணிக்கு வடபழனி என்று கொப்பியை நீட்டியபோது அவர் அதை மரியாதையாக வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, “சார், இது எந்த ஊரு சென்னை?” என்றார்.

வண்டலூர் ‘பக்கத்தால் போனது’ ஆனது, விமானத்துக்குப் போகும்போது அந்தத் திசையில் திரும்புவோம் என்ற கணக்கில். மகாபலிபுரம் கைவிடப்பட்டது. ஏ.வி.எம். பந்தை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ராமாவரம் தோட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் ஒரு சிக்னலில் கழிந்தது. தோட்டத்தைக் காணாமல் அப்பாயி கடைசிவரை குறைப்பட்டாள்.

இப்படி எல்லா இடமும் விழுந்து விழுந்து மிச்சமான நேரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்றரை மணிக்கே வேன் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நின்றது. ரங்கநாதன் தெருவின் வாயிலில் மாஸ்டர் பெரட்டு எடுத்தார், பெண்களைத் தலை எண்ணி. “ஏழே காலுக்கு இதே எடம். ஒராளும் பிந்தப்படாது.” எண்ணி முடிப்பதற்குள் முதலில் எண்ணியவர்கள் தெருவுக்குள் கரைந்துவிட்டார்கள்.

எங்கள் காசு மூன்றரை ரூபாய் கொடுத்தால்தான் அன்று இந்தியக் காசு ஒரு ரூபாய். அந்தப் பெருக்கலை எங்கள் பெண்கள் நின்ற இடத்திலேயே, காகிதம் இல்லாமல், போட்டார்கள். கிலோவுக்கு எத்தனை, கழிவு எத்தனை, கைக்கு எத்தனை என்று கணக்கைத் தினமும் மனதுக்குள் சரிபார்த்துப் பழகியவர்களுக்குச் சேலை விலை எம்மாத்திரம்? அட்லஸ் இல்லாமல், போன் இல்லாமல், எந்தக் கடையில் எத்தனையாவது மாடியில் பூனம் சேலை, எங்கே பாவாடைத் துணி, எங்கே எவர்சில்வர் என்று அவர்கள் பிரிந்து போய், சந்தித்து, விலை ஒப்பிட்டு, மறுபடி பிரிந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அன்றைக்குத் திட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான். திட்டம் எப்போது போட்டார்கள், எங்கே கூடிப் பேசினார்கள் என்று இன்றுவரை ஆண்களுக்குத் தெரியாது. கொழுந்து எடுக்கும்போதாக இருக்கலாம்.

கோயில் தலைவர் மட்டும் தனியாகப் போய் எங்கள் மாரியம்மனுக்கு ஒரு வெண்கல மணி வாங்கி வந்தார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

விமான நிலையத்து வாசலில் மாஸ்டர் தன் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். கொழுந்து மடுவத்தில் தொங்குகிற தராசு. ஹட்டனிலிருந்தே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, பழைய குரலில் கிலோ சொல்ல ஆரம்பித்தார். எல்லா மூட்டையும் கூடத்தான் இருந்தது. அப்பாயியின் முறை வந்தது. சேலைகளுக்கு நடுவில் ஒரு எவர்சில்வர் குடம்.

“நாலு கிலோ கூட, ஆச்சி.”

“கணக்கப்புள்ள,” என்றாள் அப்பாயி. “எங்க கொழுந்துல தண்ணிக்குன்னு கழிச்சீங்க, படங்குக்குன்னு கழிச்சீங்க. நாங்க ஏதும் சொன்னமா? இப்ப இந்தக் கொடத்துக்குக் கொஞ்சம் கழிச்சுப் போடுங்க.”

நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த காவலர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரும் சிரித்துவிட்டார். அப்பாயியின் குடம் அவருடைய பைக்குள் போனது. அதைத் தொடர்ந்து சித்தியின் தூக்குவாளி, அத்தையின் தட்டுகள். மணியை மட்டும் அவர் கண்டிப்பாக மறுத்தார்.

அப்போதுதான் தம்பியின் போனில் செய்தி வந்தது. விமானம் மூன்று மணித்தியாலம் தாமதம்.

எல்லோரும் இருந்த இடத்திலேயே சரிந்தார்கள். செருப்பைக் கழற்றிக் காலை நீவினார்கள். யாரோ பிளாஸ்கைத் திறந்து கடைசிப் பிளேன்டீயைப் பங்கு போட்டார்கள். மாஸ்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கொப்பியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“பரங்கிமலை இங்கருந்து கூப்பிடு தூரந்தான்,” என்றார், யாரையும் பார்க்காமல். “தோமையார் ஏறுன மலை. ஏறி எறங்க ஒரு மணித்தியாலம். யாராச்சும் வாறீங்களா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாயி மட்டும் தலையைத் தூக்கினாள்.

“கைக்காசுன்னா சொல்லுங்க, கணக்கப்புள்ள. யோசிச்சுப் பாப்பம்.”